வேங்கையன் கவ்விய தவளை

மலையடிவாரத்தில் இருந்த கோரைக்குளத்தில் வேங்கையன் என்ற விரால் மீன் தன் மனைவி செங்கமலத்தோடு வாழ்ந்து வந்தது. தூண்டிலைப் பற்றி வேங்கையனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று குளத்து மீன்கள் எல்லாம் நம்பின. வேங்கையனும் அப்படித்தான் நம்பியது.

அதன் மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது. சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்பு. அதைக் காட்டிக் காட்டியே வேங்கையன் குளத்துக்கு வாத்தியார் ஆகிவிட்டது. தினமும் காலையில் அல்லித்தண்டுகளுக்கு நடுவே கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் கூடும். வேங்கையன் பாடம் நடத்தும்.

மண்புழு தண்ணீரில் பிறக்காது; ஆகவே தண்ணீரில் தொங்குகிற மண்புழு எதுவானாலும் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் கரையில் இருப்பார். மேலே தக்கை மிதந்தால் கீழே முள் இருக்கும். தொப்பென்று விழுந்து தரையில் உட்காருவது ஈயக்குண்டு. அதற்கு ஒரு முழம் தள்ளி ருசியாக ஏதோ கிடக்கும், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. ஏலக்காய் மணக்கும் மாவு உருண்டை வந்தால், இன்றைக்கு யார் வீட்டில் கல்யாணம் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

"பசிக்கும்போது நம்ம வாய் நம்ம பேச்சைக் கேக்கணும். அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லித்தான் வேங்கையன் ஒவ்வொரு நாளும் பாடத்தை முடிக்கும்.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக அந்தக் குளத்தில் ஒரே ஒரு கெளுத்திதான் தூண்டிலில் மாட்டியது. அதுவும் பாடம் நடக்கும்போது தூங்கிய கெளுத்தி. மற்றபடி கரைக்கு வந்தவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா திரும்பினார்கள்.

வேங்கையனிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அது கோபம். வந்துவிட்டால் அதற்குக் கண்மண் தெரியாது. நிழல் ஆடினாலும் முட்டும். ஒருமுறை மூங்கில் குச்சியோடு சண்டை போட்டு மூக்கை உடைத்துக்கொண்டது. குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆனி மாதம் வேங்கையனுக்கும் செங்கமலத்துக்கும் குஞ்சுகள் பொரித்தன. முந்நூறுக்குக் குறையாது. விரால் குஞ்சுகள் பிறந்த புதிதில் செக்கச்செவேல் என்று இருக்கும். மூச்சு எடுக்க அடிக்கடி கூட்டமாக மேலே வரும். அப்போது தண்ணீரில் மிளகாய்த்தூள் தூவியது போலத் தெரியும். தாயும் தகப்பனும் கீழேயே நின்று காவல் காக்க வேண்டும். சாப்பாடு ஏது, தூக்கம் ஏது! யார் பக்கத்தில் வந்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கும். குழந்தை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் தத்துவன் என்ற தவளை ஒரு தும்பியைப் பிடிக்கத் தாவியது. தத்தித் தத்திப் போவதால் அதற்கு அந்தப் பெயர்; தத்துவத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தும்பி பறந்துவிட்டது. தத்துவன் தொபுக்கென்று குஞ்சுகளின் நடுவில் விழுந்தது. முந்நூறு குஞ்சுகளும் முந்நூறு திசையில் ஓடின. எல்லாவற்றையும் திரும்பச் சேர்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

வேங்கையன் தவளையைக் குளம் முழுக்கத் துரத்தியது. கடைசியில் செங்கமலம் குறுக்கே வந்து சமாதானம் செய்து வைத்தது. மடைக்கல்லில் தொடங்கித் தாமரைக்கூட்டம் வரை விரால்களின் எல்லை என்றும், குஞ்சுகள் வளரும்வரை தத்துவன் அதற்குள் காலை வைக்கக் கூடாது என்றும் பேசி முடித்தன. தத்துவன் மழைமேல் சத்தியம் செய்தது. தவளைகள் மழைமேல் சத்தியம் செய்தால் மீறுவதில்லை. மீறினால் அந்த வருஷம் மழை வராது என்பது அவற்றின் நம்பிக்கை.

அன்றிலிருந்து தத்துவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கொழுத்த தும்பிகள் எல்லாம் எல்லைக்கு உள்ளேதான் பறந்தன. தத்துவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் குளக்கரைக்குத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். கையில் குட்டையான தூண்டில் கம்பு, அதில் ஒரு ரீல். மண்புழு டப்பா இல்லை. தக்கை இல்லை, ஈயம் இல்லை, மாவும் இல்லை. அவர் உடனே தூண்டிலைப் போடவும் இல்லை. கரையோரமாக நடந்து நடந்து தண்ணீரையே பார்த்தார். தாமரைக்கு இந்தப் பக்கம் செக்கச்செவேல் என்று குஞ்சுகள் மேலே வந்ததைப் பார்த்ததும் நின்றார். பெட்டியைத் திறந்து ஒரு தவளையை எடுத்தார்.

கருவேலக் கிளையில் உட்கார்ந்திருந்த நீலி என்ற மீன்கொத்தி இதைப் பார்த்தது. நேராகத் தத்துவனிடம் பறந்தது.

"உங்க ஆளு ஒருத்தரு பெட்டிக்குள்ள இருந்து வாராரு. முதுகுல ரெண்டு முள்ளு வச்சிருக்காரு. உங்களுக்கு ஏதும் சொந்தமா?"

தத்துவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லை ஓரத்து இலையில் ஏறி நின்று பார்த்தது.

தொப்பிக்காரர் கம்பை வீசினார். தவளை பறந்து போய்க் குஞ்சுகளுக்கு அப்பால் விழுந்தது. அவர் தூண்டில் நரம்பை விட்டு விட்டு இழுத்தார். தவளை தாவியது, நின்றது, மறுபடி தாவியது. நேராகக் குஞ்சுகளின் தலைமேலேயே வந்தது. பச்சை முதுகு, வெள்ளை வயிறு, பின்னால் உதறுகிற கால்கள். தண்ணீருக்குள்ளே இருந்து பார்த்தால் அச்சு அசல் தத்துவன்தான்.

தத்துவன் இலையில் நின்றபடி அதைக் கூப்பிட்டது. பதில் இல்லை. எந்த ஊர் என்று கேட்டது. அதற்கும் பதில் இல்லை. உற்றுப் பார்த்தபோது தத்துவனுக்குப் பகீர் என்றது. அந்தத் தவளைக்குத் தொண்டை துடிக்கவே இல்லை. உயிருள்ள எந்தத் தவளைக்கும் தொண்டை சும்மா இருக்காது. அது ரப்பர்! முள் இரண்டும் பாசியில் சிக்காதபடி முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தன. கவ்வி அமுக்கினால்தான் அவை வெளியே வரும்.

தண்ணீருக்குள்ளே குஞ்சுகள் சிதறி ஓடின. வேங்கையன் நிமிர்ந்து பார்த்தது. பழக்கப்படி முதலில் மண்புழு உண்டா என்று பார்த்தது. இல்லை. தக்கை இல்லை. ஈயம் இல்லை. ஆகவே தூண்டிலும் இல்லை என்று முடிவு செய்தது. மழைமேல் சத்தியம் செய்த பயல் அதை மீறிவிட்டான், அதுவும் பிள்ளைகள் தலைமேலேயே குதிக்கிறான் என்று நினைத்ததும் அதற்கு உடம்பெல்லாம் எரிந்தது.

செங்கமலம் குறுக்கே வந்தது. "விடுங்க. தவளையைப் பாத்தா இப்ப பசியா இருக்கு உங்களுக்கு?"

"திங்கவா போறேன்? அடிக்கத்தான போறேன்" என்றது வேங்கையன்.

சொல்லிவிட்டுப் பாய்ந்தது. தண்ணீர் பொங்கி வெடித்தது. தொப்பிக்காரர் அவசரப்பட்டு இழுத்துவிட்டார். ரப்பர் தவளை பறந்து போய்க் கோரையில் விழுந்தது. வேங்கையனுக்கு முன்னைவிடக் கோபம் ஏறியது. அடி வாங்காமல் தப்புகிறவன் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம்.

தொப்பிக்காரர் மறுபடி வீசினார். தத்துவன் எல்லை ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியது.

"அண்ணாச்சி, அது நான் இல்ல! நான் இங்க நிக்கேன்!"

வேங்கையன் திரும்பியது. எல்லைக்கு வெளியே ஒரு தவளை. எல்லைக்கு உள்ளே ஒரு தவளை. நின்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். கோபத்துக்கு ஏது நிமிஷம்?

"ஆள் வேற சேத்துக்கிட்டா வந்திருக்க?" என்று உறுமிவிட்டு, உள்ளே இருந்த தவளையை ஒரே கவ்வாகக் கவ்வியது.

தொப்பிக்காரர் இந்தத் தடவை அவசரப்படவில்லை. கம்பை ஓங்கி இழுத்தார். ஒரு முள் வேங்கையனின் வாய் ஓரத்தில் குத்தியது. ரீல் கிரீச் கிரீச் என்று கத்தியது. வேங்கையன் தாமரைக்கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று சுற்றுச் சுற்றியது. நரம்பு தாமரைத்தண்டுகளில் சுற்றி இறுகிக்கொண்டது. அவர் இழுத்தார். தாமரைதான் ஆடியது.

இந்தப் பக்கமாக இழுத்தால் வராது என்று தெரிந்து அவர் கரையைச் சுற்றி நடந்தார். நடந்தபோது நரம்பு தொய்ந்தது. முள் தோலில்தான் மேலாகக் குத்தியிருந்தது. வேங்கையன் வாயைத் திறந்து தலையை உதறினால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தவளை தப்பிவிடுமே! பல்லை இன்னும் அழுத்திக் கடித்தது.

செங்கமலத்தால் குஞ்சுகளை விட்டு வரமுடியவில்லை. ஒரு பக்கம் முந்நூறு பிள்ளைகள், மறுபக்கம் புருஷன். அது நடுவில் நின்று தவித்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

எல்லை ஓரத்தில் தத்துவனும் தவித்தது. உள்ளே போனால் சத்தியம் போய்விடும். சத்தியம் போனால் மழை போய்விடும். அதெல்லாம்கூடப் பிறகு. உள்ளே இருக்கிற விராலுக்குத் தன்மேல்தான் கோபம். ஒரே வாயில் விழுங்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்குள் தொப்பிக்காரர் பாதிக் கரையைச் சுற்றிவிட்டார்.

"மழைகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தத்துவன் எல்லைக்குள் குதித்தது. மூச்சைப் பிடித்து நீந்தி வேங்கையனின் மூக்குக்கு நேரே போய் நின்றது.

"அண்ணாச்சி, என் தொண்டையைப் பாருங்க. துடிக்குதா? நான் இங்க நிக்கேன். அப்ப நீங்க கவ்விக்கிட்டு இருக்கது யாரை?"

வேங்கையன் அதன் தொண்டையைப் பார்த்தது. படக் படக் என்று துடித்துக்கொண்டிருந்தது. பிறகு வாயில் இருந்ததைப் பற்றி முதல்முறையாக யோசித்தது. இவ்வளவு கடித்தும் அது கத்தவில்லை. ரத்தம் இல்லை. ருசியும் செருப்பைக் கடித்தது போல இருந்தது.

திகைப்பில் அதன் வாய் தானாகவே திறந்தது. தத்துவன் தலையை உதறச் சொன்னது. வேங்கையன் உதறியது. வாயோரம் கொஞ்சம் கிழிந்தது. ரப்பர் தவளை கழன்று மேலே மிதந்து போனது. அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் பலமாக இழுத்தார். நரம்பு தண்டுகளை அறுத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு தாமரைப்பூவும் வந்தது.

இரண்டும் செங்கமலத்திடம் திரும்பின. தத்துவன் எல்லையைத் தாண்டியதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்தச் சத்தியத்தைக் கேட்டு வாங்கியது தான்தான் என்றும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் செங்கமலம் சொன்னது. வேங்கையனுக்குத் தத்துவனின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆனால் தொப்பிக்காரர் கிளம்பவில்லை. பூவைப் பிய்த்துப் போட்டார். ரப்பர் தவளையில் பதிந்திருந்த பல் தடங்களைப் பார்த்து, மீன் பெரியதுதான் என்று புரிந்துகொண்டார். இன்னொரு முறை வீசினார்.

தவளை வந்தது. மறுபடியும் அதே குஞ்சுகளின் தலைமேலேயே வந்தது. குஞ்சுகள் பயந்து கலைந்தன. வேங்கையனுக்கு அது ரப்பர் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் துடுப்புகள் விறைத்தன. வால் துடித்தது. வாய் பாதி திறந்தது. செங்கமலம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

வேங்கையன் வாயை மூடியது. திரும்பியது. வாலால் குஞ்சுகளை மெல்லத் தள்ளி, ஒவ்வொரு கூட்டமாக அல்லியிலைகளுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலே ரப்பர் தவளை ஐந்தாறு தடவை போனது, வந்தது. யாரும் அதைச் சீண்டவில்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ரீலைச் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அவர் தலை மறைந்ததும் தத்துவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தது.

"கோபம் போயிட்டா அண்ணாச்சி?"

"எங்கலே போச்சு? அப்படியேதான் இருக்கு" என்றது வேங்கையன். "வாயைத்தான் மூடி வச்சிருக்கேன்."

பசியில் தின்னாமல் இருக்கக் கற்றவரும், கோபத்தில் கவ்வாமல் இருக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் தூண்டிலுக்குத் தப்ப முடியாது.