பாக்குவெட்டி செய்த முந்நூறு வயதுச் சித்தர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டை, ஒரு ராஜா ஆண்டுவந்தார். ராஜாக்களுக்கு யானைப் பித்து இருக்கும், குதிரைப் பித்து இருக்கும். இவருக்குப் பிடித்திருந்ததோ பாக்குவெட்டிப் பித்து. பழைய பித்தளைப் பாக்குவெட்டி எங்கே கண்டாலும் விடமாட்டார். கிளி வடிவத்தில், மயில் வடிவத்தில் என்று வாங்கி வாங்கி, அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டி அடுக்கியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், மனுஷருக்கு வாயில் ஒரு கடைவாய்ப் பல்கூடக் கிடையாது. பாக்கு மென்று பல வருஷம் ஆயிற்று!

அந்த ஊர் அமாவாசைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர்கள் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி பொம்மக்கா. தெருத் தெருவாகப் போய்ப் புதுப் பானையைக் கொடுத்து, வீட்டுப் பரணில் கிடக்கிற பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், விளக்கு எல்லாவற்றையும் மாற்றி வாங்கி வந்து விற்பாள். வாய் பெரிசு, பை சிறிசு.

ஒருநாள் ராஜா ஆசையாக வாங்கிய குதிரைப் பாக்குவெட்டியைத் தடவிப் பார்த்தார். அதன் பழமை முழுக்க அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அடுப்புக்கரி பூசின புதுச் சரக்கு!

"என் நாட்டுச் சந்தையில் போலியா?" என்று ராஜா குதித்தார்.

சந்தை அதிகாரி அனந்தநம்பி கைகட்டி முன்னால் வந்தார். "அரசே, ஏமாறும் ஏழை மக்களை நினைத்தால் அடியேனுக்கு உறக்கமே வருவதில்லை. இனிமேல் பழம்பொருள் விற்பவர் யாராயினும், அதைச் செய்தவரைச் சந்தைக்கு அழைத்து வந்து, 'இது என் கைவேலை' என்று சத்தியம் செய்விக்க வேண்டும் என ஆணையிடுங்கள். போலி அடியோடு ஒழியும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! ராஜா அதையெல்லாம் யோசிக்கவில்லை. "பேஷ்!" என்று முத்திரையைக் குத்திவிட்டார். ஊரெங்கும் முரசு அடித்தார்கள்.

அடுத்த அமாவாசை வந்தது. பொம்மக்கா துணியை விரித்து முடிக்கவில்லை, அனந்தநம்பி சேவகர்களோடு வந்து நின்றார்.

"செய்தவன் எங்கே?"

"இதச் செஞ்சவன் எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்து ஆளு சாமி. அவனச் சுடுகாட்டுலருந்தா எழுப்பிக் கூட்டியார முடியும்?"

"அது உன் பாடு. விதி விதிதான்."

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாளைக் காலை அது பட்டறை உலைக்குப் போகும் என்றார் அதிகாரி. அந்தப் பட்டறை யாருடையது தெரியுமா? அவருடைய மைத்துனன் தாண்டவராயனுடையது. அதே சந்தையில் அன்றைக்கே அவன் புதிதாக ஒரு பழம்பொருள் கடையும் திறந்திருந்தான். நல்ல பொருத்தம்!

பொம்மக்கா அழுதுகொண்டே அரண்மனை வாசலுக்கு ஓடினாள். அங்கேதான் இடும்பன் இருப்பான். ராஜாவைச் சிரிக்கவைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற விகடகவி. ராஜா அவனைப் பார்த்துச் சிரிக்கிறபோதெல்லாம் அனந்தநம்பிக்கு வயிறு எரியும்.

"அண்ணே, அந்த மூட்டை போச்சுன்னா என் பொழப்பே போச்சு! மாத்திக் குடுக்க ஒரு பானகூட மிச்சமில்ல. உள்ள ஒரு அன்னப்பட்சிப் பாக்குவெட்டி இருக்குண்ணே, அத உருக்க எப்படித்தான் மனசு வருதோ பாவிப் பயலுவளுக்கு!"

"தாண்டவராயன் கடையிலயும் பழசுதானே விக்கிறான்? அதுக்கெல்லாம் செஞ்சவன் வந்து நிக்கிறானா?"

"நிக்கிறானே! வேலப்பன்னு ஒரு பய. மீசைகூட ஒழுங்கா மொளைக்கல."

இடும்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணத் தொடச்சுக்க பொம்மக்கா. நாளைக்குள்ள உன் மூட்ட உன் கைக்கு வரும்."

அன்று மாலை சபையில் ராஜா ஒரு கிளிப் பாக்குவெட்டியைக் கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். தாண்டவராயன் கடையில் வாங்கியது.

"முந்நூறு வருஷத்துப் பொருள், அரசே. தங்கள் மூதாதையர் கை பட்டது" என்றார் அனந்தநம்பி.

"செய்தவரே வந்து சத்தியம் செய்தாரா?" என்று இடும்பன் பணிவாகக் கேட்டான்.

"கற்பூரம் அணைத்துச் செய்தான். சந்தேகம் இருந்தால் விகடகவி அவனையே விசாரிக்கலாமே!"

"விசாரிப்பதா? அபசாரம், அபசாரம்!" இடும்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான்.

சற்று நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஒரு பல்லக்கு சபைக்குள் நுழைந்தது. அதில் கழுத்துவரை மாலையோடு, வெலவெலத்துப்போய் வேலப்பன் உட்கார்ந்திருந்தான். இடும்பன் நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தான்.

"எல்லோரும் எழுந்திருங்கள்! முந்நூறு வருஷத்துப் பொருளைத் தம் கையால் செய்த மகான் வந்திருக்கிறார். அப்படியானால் வயது முந்நூறுக்கு மேல்! ஒரு நரை உண்டா பாருங்கள் அரசே!"

ராஜா திகைத்துப்போனார். "அனந்தநம்பி, இவருக்கு முந்நூறு வயதா?"

இல்லை என்றால் கிளி போலி. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் விழித்த அனந்தநம்பி, "ஆ... ஆமாம் அரசே. யோக சாதனை" என்றார்.

ராஜாவுக்கு ஆயுள் ஆசை வந்துவிட்டது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து கும்பிட்டார். "சுவாமி, என் மூதாதை பார்க்க எப்படி இருப்பார்?"

"அவரு... ராசா மாதிரி இருப்பாருங்க" என்றான் வேலப்பன்.

"ஆகா, என்ன ஞானம்!" என்றான் இடும்பன். "அரசே, சித்தர்களுக்குக் காற்றே ஆகாரம். இவரை நிலவறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அடுத்த அமாவாசைக்குத் திறந்து ஆயுள் ரகசியத்தைக் கேட்டுக்கொள்வோம். இவரைக் கண்டெடுத்த அனந்தநம்பியும் சீடராகக் கூடவே இருக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

வேலப்பன் பல்லக்கிலிருந்து உருண்டு விழுந்தான். "ஐயோ சாமி! எனக்கு இருபத்திநாலு வயசுதானுங்க! இப்பத்தான் கல்யாணம் ஆச்சு! இந்தக் கிளியப் போன மாசம் வார்த்து, புளியத் தடவி எருக்குழியில பொதச்சு வச்சதுங்க. 'இது என் கைவேலை'ன்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். அது நெசந்தானுங்களே!"

ராஜாவின் முகம் சிவந்தது.

"அவன்மேல் குற்றமில்லை, அரசே" என்றான் இடும்பன். "செய்தவனைக் கூட்டி வா என்றது தங்கள் ஆணை. செய்தவன் உயிரோடு இருப்பது புதுச் சரக்குக்குத்தான். ஆகவே இனி நம் சந்தையில் போலியை மட்டுமே விற்கலாம். நிஜமான பழசெல்லாம் நாளைக் காலை உலைக்குப் போகிறது, அடுத்த போலியை வார்ப்பதற்கு!"

ராஜா கிளியைப் பார்த்தார், அனந்தநம்பியைப் பார்த்தார், மாலையும் கழுத்துமாகத் தரையில் கிடந்த சித்தரைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அந்த ஆணையைத் தம் கையாலேயே கிழித்துப் போட்டார். தாண்டவராயன் கடையைப் பூட்டச் சொன்னார். அனந்தநம்பிக்குப் பதவி போயிற்று. அதோடு, மைத்துனன் பட்டறையில் செய்த சரக்கை எல்லாம் சந்தையில் வெயிலில் உட்கார்ந்து, "புதுசு, புதுசு, போன மாசம் செஞ்சது!" என்று கூவி விற்றுத் தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ராஜா உத்தரவால் சந்தை மறுநாளும் கூடியது. காலையில் பொம்மக்கா மூட்டையைப் பிரித்துத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். ராஜாவே இடும்பனோடு அங்கே வந்து, அன்னப்பட்சிப் பாக்குவெட்டியைக் கையில் எடுத்தார்.

"இது யார் செய்தது? எத்தனை வருஷத்துப் பொருள்?"

"தெரியாது மகராசா. ஒரு கெழவி பரண்ல கெடந்துச்சு, பானைக்கு மாத்துனேன். அம்புட்டுதான் எனக்குத் தெரியும். புடிச்சா எடுத்துக்கங்க, புடிக்கலன்னா வச்சிருங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க, அடுத்த ஆளு பாக்கணும்ல!"

"இடும்பா, என்னிடம் சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேர். தெரியாது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்!" என்று ராஜா கடகடவெனச் சிரித்தார். தம் சரிகைச் சால்வையை எடுத்து இடும்பன் தோளில் போட்டார். பொம்மக்கா கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, அன்னப்பட்சியோடு நடந்தார்.

பொம்மக்கா காசை மடியில் முடிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவமே, பேரமே பேசலியே இந்த மனுசன்! இன்னுங் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே!"