மோர்க்காரி நிறுத்திய இடம்

முன்னொரு காலத்தில் நெல்லாறு என்ற நாட்டைக் கனகவேலன் என்ற ராஜா ஆண்டு வந்தார். உட்கார்ந்து வந்தார் என்பதே பொருத்தம். சிம்மாசனத்திலிருந்து சாப்பாட்டுக்கு, சாப்பாட்டிலிருந்து கட்டிலுக்கு, எல்லாவற்றுக்கும் பல்லக்குதான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் கட்டிய பத்தாம் ஆண்டு, தைப்பூசத்தன்று, ராஜா முந்நூற்றறுபது படி தன் காலால் ஏறி மலையுச்சியில் கொடியேற்ற வேண்டும். முடியாவிட்டால் மகுடம் பங்காளிக்குப் போய்விடும். பூசத்துக்கு மூன்றே மாதம் இருந்தது. கவலையில் ராஜாவுக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டாம் முறை பரிமாறிய சோற்றைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பங்காளியின் பெயர் வீரபாகு. "அரசே, கலங்காதீர்கள். தங்களைப் பழக்கிவிட நான் இருக்கிறேன்!" என்று முன்வந்தார்.

மறுநாளே சபை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பிரம்பை நீட்டினார். "நூறு தண்டால்! எங்கே, ஒன்று!"

மூன்றாவதில் ராஜா குப்புற விழுந்தார்.

"அடடா! தங்கள் பாட்டனார் ஆயிரம் போடுவாராமே!" என்றார் வீரபாகு. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

பத்து நாள் இப்படியே போனது. தொப்பை அப்படியே இருந்தது, மனசுதான் இளைத்தது. மந்திரி அம்பலத்தாரைத் தனியே அழைத்து ராஜா கண் கலங்கினார்.

"ஓய், தண்டால் என்ற பேரிலேயே தண்டனை இருக்கிறது. நான் என்ன குற்றம் செய்தேன்? மகுடம் போகட்டும், என்னை விட்டுவிடும்!"

அம்பலத்தார் யோசித்தார். "அரசே, எதைச் செய்தால் தங்களுக்கு நேரம் போவதே தெரியாது?"

ராஜா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லிவிடாதீர். ஊர்வம்பு."

"அப்படியானால் மலை ஏறியாகிவிட்டது!" என்றார் மந்திரி.

மறுநாள் காலை, ராஜாவுக்குத் துணி வியாபாரி வேஷம் போட்டு மந்திரி கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போனார். தலையில் பானையோடு மோர்க்காரி காத்தாயி வந்தாள். அவள் வாயில் விழாத வீடு ஊரில் கிடையாது. ஆனால் ஓரிடத்தில் நின்று பேசமாட்டாள்.

"மேலத்தெரு கல்யாணம் கேட்டீங்களா செட்டியாரே? தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளையக் காணோம்! மணையில தலப்பா மட்டும் கெடக்கு. அதுக்குள்ள பார்த்தா…"

"பார்த்தால்?"

"நின்னா மோரு புளிச்சிரும். வேணும்னா கூட வாங்க."

ராஜா நடந்தார். தலைப்பாகைக்குள் ஒரு கடிதம் இருந்தது என்று தெரிவதற்குள் வடக்குத் தெரு வந்துவிட்டது. அதைப் பிடுங்கி ஒளித்தது பெண்ணின் அத்தை என்று தெரிந்தபோது ஆற்றங்கரை. அங்கே நிறுத்தினாள், மீதி நாளைக்கு என்றாள்.

அந்தத் தொப்பையை அடையாளம் தெரியாதவர் யார்? ஆனாலும் ஊரே தெரியாததுபோல் இருந்தது. ராஜாவை அவமானப்படுத்த யாருக்கும் மனமில்லை. இரண்டாம் மாதம் காத்தாயிக்கு முன்பே வாசலில் நின்று, "இன்றைக்குச் சுற்றுவழியில் போவோமா?" என்று கேட்டார் ராஜா. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. வீரபாகுவின் முகமும் தொங்க ஆரம்பித்தது.

பூச நாள் வந்தது. கடிதத்தில் இருந்ததை மலைப்படியில் சொல்வதாகக் காத்தாயி வாக்குக் கொடுத்திருந்தாள். ஆளைக் காணோம். விசாரித்தால், மோர்ப்பானை எதையும் இன்று மலைப்பக்கம் விடக்கூடாது என்று வீரபாகு காவலர்களுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

அடிவாரத்தில் ராஜாவுக்குப் பழைய கவலை வந்துவிட்டது. "கதை இல்லாமல் கால் எழவில்லையே, ஓய்!"

"மூன்று மாதம் கேட்டீர்கள். இன்று தாங்கள் சொல்லுங்களேன்" என்றார் அம்பலத்தார்.

"யாரிடம்?"

மந்திரி கண்ணைக் காட்டினார். ராஜா எந்தப் படியில் விழுவார் என்று பார்ப்பதற்காக வீரபாகு பின்னாலேயே வந்து நின்றார்.

"வீரபாகு, மேலத்தெரு மாப்பிள்ளை சமாச்சாரம் தெரியுமா?" என்றபடி ராஜா முதல் படியில் கால் வைத்தார். "தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம்!"

"ஐயோ, எங்கே போனாராம்?" வீரபாகுவும் கால் வைத்தார்.

நூறாவது படியில் கடிதம் வந்தது. நூற்றைம்பதில் அத்தை வந்தாள். ராஜா கையை ஆட்டி, அத்தை மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினார். இருநூறாவது படியில், நாற்காலியை விட்டு இறங்கியே பழக்கமில்லாத வீரபாகு மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டார்.

"அரசே… நில்லுங்கள்! கடிதத்தில் என்ன இருந்தது?"

"நின்று சொல்கிற கதையில்லை, வாரும்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ராஜா மேலே போனார்.

வீரபாகுவால் எழுந்திருக்க முடியவில்லை. உச்சியில் கொடி ஏறியது. அடிவாரத்தில் ஊரே ஆரவாரம் செய்தது. அத்தனை ஜனமும் தனக்காகக் கத்துவதைக் கேட்டு ராஜா சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

இறங்கி வந்ததும் தீர்ப்பு சொன்னார். "வீரபாகு மூன்று மாதம் காத்தாயியின் பானையைச் சுமந்து தெருத்தெருவாகப் போகட்டும். நாற்காலி கிடையாது." காத்தாயிக்குச் சபையில் ஆசனம் கொடுத்தார். "உக்காந்தா எனக்குக் கதை வராது சாமி" என்று அவள் மறுத்துவிட்டாள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தார் கழுத்தில் போட்டார்.

மந்திரி மெல்ல அருகே வந்தார். "அரசே, நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஏறினேன். கடிதத்தில் என்னதான் இருந்தது?"

"எனக்கென்ன தெரியும்? நாளைக் காலையில் காத்தாயியோடு நடந்தால்தான் தெரியும்."

"மகுடத்துக்காக இனி நடக்கவேண்டிய அவசியம் இல்லையே?"

"ஓய்," என்று ராஜா நழுவிய வேட்டியை இறுக்கிக் கட்டினார், "மகுடத்துக்காக யார் நடந்தது?"