நீண்ட கழுத்தை அளந்த அமைச்சர்

சீனத்துக் கான்டன் துறைமுகத்துக்காரர்களுக்கு எதையும் சாதாரணமாகச் சொல்ல வராது. பசித்தால் ஓர் எருமையையே விழுங்குவேன் என்பார்கள். வெயில் அடித்தால் உருகி ஓடிவிட்டேன் என்பார்கள். அந்த ஊர் வியாபாரி லாம் கீ, மாறவேள் அரசரின் சபைக்கு வந்தார். அவர் பேசியதை மொழிபெயர்ப்பாளர் சாத்தன் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னார்.

"தங்களைக் காணக் காத்திருந்து காத்திருந்து என் கழுத்தே நீண்டுவிட்டது, அரசே."

சொன்ன பிறகுதான் சாத்தனுக்கு உறைத்தது. அந்தச் சபையில் பொய் சொன்னால் நாக்கை அறுப்பார்கள்.

அமைச்சர் தரையருக்கு வாயெல்லாம் பல். பட்டு கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று லாம் கீயை நாயாய் அலையவிட்டவர் அவர்தான். பட்டு வரவில்லை. லாம் கீயின் கப்பல் வந்த செய்தி அரசர் காதுக்கு எட்டியதும், "நேற்றுத்தான் வந்தது" என்று பூசி மெழுகியிருந்தார்.

"கழுத்து நீண்டதாம்! பச்சைப் பொய், அரசே," என்றார் தரையர். " அளந்தே காட்டுகிறேன்."

நூல் வந்தது. லாம் கீ ஒன்றும் புரியாமல், மரியாதைக்குச் சிரித்தபடி தாடையைத் தூக்கிக் காட்டினார். சாத்தனுக்குப் பாவமாக இருந்தது.

"நாலு விரற்கடை. எல்லாருக்கும் உள்ள கழுத்துதான்," என்றார் தரையர்.

"அளவு சரி, ஐயா," என்றார் சாத்தன். "முன்பு இரண்டு விரற்கடையாக இருந்து நீண்டிருந்தால்? வந்திறங்கியபோது பார்த்தவர் சாட்சி சொன்னால்தானே பொய் என்று தீரும்?"

"வேறு ஆள் எதற்கு? நானே சாட்சி. மூன்று மாதமாக விடிந்தால் என் வாசலில் இந்த முகம்தான். அன்று பார்த்த கழுத்துதான் இன்றும்."



"நேற்று வந்தவர் மூன்று மாதமாக உம் வாசலில் நின்றாரா?" என்று அரசர் நிதானமாகக் கேட்டார்.

தரையர் கையிலிருந்த நூல் கீழே விழுந்தது.

"நின்று நின்று அலுத்த மனிதர் அப்படித்தான் பேசுவார். அது பொய்யில்லை," என்றார் அரசர். " நீர் சொன்னதுதான் பொய். நாக்கு இருக்கட்டும், பிழைத்துப்போம். நாளை முதல் மூன்று மாதம் இவர் விடுதி வாசலில் போய் நில்லும்."

சாத்தன் நூலை எடுத்துப் பணிவாக நீட்டினார்.

"அமைச்சர் கழுத்தை இப்போதே அளந்து எழுதிவைத்துவிடலாம், அரசே. திரும்பி வந்து ஏதாவது சொன்னால் பொய் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்."

அரசர் சிரித்த சிரிப்பில் அரண்மனைக் கூரை பறந்துபோனது என்று லாம் கீ ஊருக்குப் போய்ச் சொன்னாராம். யாரும் அளந்து பார்க்கவில்லை.