காய்ச்சல் மாத்திரை வாங்கிய பெயர்

ஒரு ஊரில் ஒரு மருந்து டப்பா இருந்தது. ஊர் ஒட்டன்சத்திரம். டப்பா இருந்தது வெள்ளியங்கிரி வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல்.

அந்த டப்பாவுக்குத் தலைவர் காய்ச்சல் மாத்திரை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவாகவே அப்படி முடிவு செய்துகொண்டது. தைலமும் இருமல் மருந்தும், சண்டை எதற்கு என்று ஒத்துக்கொண்டுவிட்டன.

வெள்ளியங்கிரி காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். அவருக்குக் குரல்தான் சோறு. அந்தக் குரலுக்குத்தான் வந்தது வினை. தொண்டை வீங்கி, எச்சில் விழுங்கினால் முள் விழுங்கியதுபோல் ஆயிற்று. உடம்பு கொதித்தது. குரல் வராமல் கைச்சாடையிலேயே தக்காளி ஏலம் விட்டுப் பார்த்தார். மூக்கைச் சொறிந்ததை விலை ஏற்றம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வியாபாரிகள் அடித்துக்கொண்டார்கள். அதோடு டாக்டரம்மாவிடம் போனார்.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, இது கிருமி வேலை என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். மூன்று வேளையும் நேரம் தவறாமல், தீருகிற வரைக்கும் என்றார். கூடவே காய்ச்சலுக்கு நம் தலைவரையும் எழுதினார்.

காப்ஸ்யூல் டப்பாவுக்குள் வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. புதிதாக வந்தவன் வணக்கமாவது சொல்ல வேண்டாமா?

முதல் மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெள்ளியங்கிரிக்கு வேர்த்தது, காய்ச்சல் இறங்கியது. “பார்த்தியா? ஒரே ஆள். வேலை முடிஞ்சுது” என்றது காய்ச்சல் மாத்திரை.

“நீ சூட்டைத்தான் இறக்கினே. சூடு வச்சவன் இன்னும் உள்ளதான் இருக்கான்” என்றது காப்ஸ்யூல்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டார் தலைவர்.

காப்ஸ்யூல்கள் வேளைக்கு ஒன்றாக இறங்கின. கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காய்ச்சல் அடியோடு விட்டது; குரல் திரும்பியது. வெள்ளியங்கிரி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். காய்ச்சல் மாத்திரை கைகண்ட மருந்து என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். காப்ஸ்யூல் பாதி அட்டையோடு டப்பாவிலேயே கிடந்தது. இன்னொரு சமயம் ஆகும் என்று எடுத்து வைத்ததாக மனைவி சரசாத்தாளிடம் சொன்னார்.

அந்த இன்னொரு சமயம் மைத்துனன் குப்புராசு ரூபத்தில் வந்தது. அவனுக்கு மூக்கு ஒழுகியது. வெள்ளியங்கிரி தாராளமாக ஒரு காப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தார். அது கச்சை கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பார்த்தால் அங்கே அடிக்க ஆளே இல்லை. மூக்கோரம் உட்கார்ந்திருந்தது ஜலதோஷ வைரஸ்.

“நானுங்களா? நான் உங்க வகையறாவே இல்லீங்க. அட்ரஸ் மாறி வந்துட்டீங்க” என்றது அது, மரியாதையாக.

வந்த காப்ஸ்யூல் சும்மா திரும்ப முடியுமா? வயிற்றுக்குள் தம்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்ல கிருமிகளைப் போட்டு அடித்தது. குப்புராசு அன்று முழுக்கக் கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தான். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இதற்குள் வெள்ளியங்கிரியின் தொண்டை மடிப்பில் வேறு காரியம் நடந்துகொண்டிருந்தது. செத்தது போக மிஞ்சிய கிருமிகள் லேசுப்பட்டவை அல்ல. இத்தனை அடி வாங்கியும் சாகாத தடியர்கள். அடிக்கிறவன் வரவை எதிர்பார்த்துப் பதுங்கிக் கிடந்தார்கள். அவன் வரவில்லை. மெல்லத் தலையை நீட்டினார்கள். அப்புறம் காலை நீட்டினார்கள். பிள்ளை குட்டிகள் பெருகின. பிள்ளைகளும் அப்பனைப் போலவே தடியர்கள்.

குரல் மறுபடி போயிற்று. காய்ச்சல் முன்னைவிட மூர்க்கமாக வந்தது. வெள்ளியங்கிரி முதலில் கூப்பிட்டது தலைவரைத்தான். தலைவர் இறங்கிச் சூட்டைத் தணித்தார். கொஞ்ச நேரத்தில் அது ஏறிற்று. அடுத்த வேளைக்குப் போனார், இறங்கிற்று, ஏறிற்று. டப்பாவில் தைலமும் இருமல் மருந்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. காய்ச்சல் மாத்திரைக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வெட்கமாக இருந்தது.

வெள்ளியங்கிரி பழைய காப்ஸ்யூலில் இரண்டைச் சேர்த்து டீயோடு விழுங்கப் பார்த்தார். சரசாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லிப்போட்டு மூணு தரம் சொல்லாம நீங்க ஏலத்தை முடிப்பீங்களா? மருந்துக்கு மட்டும் அப்படி முடிச்சுட்டு, இப்ப விட்டுப்போன தரத்தையெல்லாம் ஒண்ணாச் சொல்றேங்கறீங்களே?”

வெள்ளியங்கிரி மிச்சக் காப்ஸ்யூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் கிளம்பினார்.

டாக்டரம்மா அதிகம் திட்டவில்லை. தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மிச்சக் காப்ஸ்யூலை வாங்கி வைத்துக்கொண்டு வேறு மருந்து எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்கச் சொன்னார். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகப் போடக்கூடாது. உடம்பில் தடிப்பு கண்டாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும். இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். குப்புராசு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதற்கு மட்டும் பலமாகத் தலையாட்டினான்.

புதுக் காப்ஸ்யூல் டப்பாவுக்கு வந்தபோது காய்ச்சல் மாத்திரை தானாகவே நகர்ந்து இடம் கொடுத்தது. “நான் சூட்டைப் பார்த்துக்கறேன். மிச்சத்தை நீ பாரு” என்றது.

இந்தத் தடவையும் காய்ச்சல் சீக்கிரமே விட்டது. குரல் கணீரென்று வந்தது. மார்க்கெட்டில் நல்ல வரத்து. வெள்ளியங்கிரிக்குத் தலைக்கு மேல் வேலை. சாப்பிட்டு எழுந்தவர் வாசல்வரை போய்விட்டார். நின்றார். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தார். அடுத்த வேளையும் திறந்தார். அட்டை தீருகிற வரைக்கும் திறந்தார்.

கடைசிக் காப்ஸ்யூல் தொண்டை மடிப்புக்குள் நுழைந்தபோது அங்கே ஒரே ஒரு தடியன் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

“காய்ச்சல்தான் எப்பவோ விட்டுப்போச்சே. இன்னும் எதுக்கு வந்தே?” என்று கேட்டான்.

“காய்ச்சலைப் பாக்க வரலீங்க” என்றது காப்ஸ்யூல். “உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.”