காற்றைச் சுட்டவர்

விருத்தாசலத்தில் கலியபெருமாள் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். சூளையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பீங்கான் பயிற்சி நிலையத்து ஜெபராணி டீச்சரிடம் கற்றது. டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

டீச்சர் சொன்னபடி சூளைச் சுவரை மாற்றிக் கட்டியதில் எரிவாயு கால்வாசி மிச்சமானது. அந்தப் பெருமையோடு ஒருநாள் காலையில் அவரை அழைத்து வந்தார்.

"எரியும்போதே வெளிச்சுவரைத் தொட முடியுது டீச்சர். இன்னும் என்ன செய்யலாம், சொல்லுங்க."

டீச்சர் கதவைத் திறக்கச் சொன்னார். அன்று சுட வேண்டியதையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. மேல்தட்டுகள் காலியாக இருந்தன.

"கீழ இருக்கறது என்ன?"

"ஃபியூஸ் கட்டை."

"மேல?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ஆர்டர் அவ்வளவுதான்."

"அப்போ பாதிச் சூளையில காத்தைத்தான் சுடுறீங்க."

கலியபெருமாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

டீச்சர் விறுவிறுவென்று எதிர்ப் பட்டறைக்குள் போனார். அது சபியுல்லாவுடையது. டீக் கோப்பைகள் செய்பவர்; அவரும் டீச்சரிடம் கற்றவர்தான். வேலையாள் ஒருவரை இழுத்துக்கொண்ட தகராறில் அவருக்கும் கலியபெருமாளுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

சுடாத கோப்பைகள் அடுக்கிய நீளப் பலகையைச் சுமந்தபடி டீச்சர் வெளியே வந்தார். பின்னாலேயே சபியுல்லா ஓடிவந்தார்.

"அங்கேயும் பாதி காலி. ரெண்டுக்கும் ஒரே சூடுதான் வேணும்" என்றார் டீச்சர்.

"என் சூளையில அவர் கோப்பையா? ஊரே சிரிக்கும் டீச்சர்."

டீச்சர் பலகையோடு நடுத்தெருவில் நின்றார். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பலகை ஆடியது. கலியபெருமாள் பதறிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைச் சபியுல்லா பிடித்தார். டீச்சர் நடுவிலிருந்து விலகிக்கொண்டார்.

மறுநாள் சூளையைத் திறந்தபோது ஒரு கோப்பையிலும் விரிசலில்லை. சபியுல்லா ஒன்றைச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது.

"சுவரை அருமையாக் கட்டியிருக்கீங்க" என்றார்.

கலியபெருமாள் அவருக்குத் தேநீர் சொல்லியனுப்பினார்.

ஆறே மாதத்தில் பதினொரு பட்டறைகள் முறைவைத்துச் சேர்ந்து சுட ஆரம்பித்தன. அதைப் பார்க்க வெளியூர்ப் பட்டறைக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

"இருக்கறதிலேயே நல்ல சூளையை முதல்ல காட்டுங்க."

டீச்சர் நேராகக் கலியபெருமாளின் பட்டறைக்கு அழைத்துப் போனார். கலியபெருமாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருடைய கட்டைகள் அன்று சபியுல்லாவின் சூளையில் வெந்துகொண்டிருந்தன.

வந்தவர்களில் ஒருவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"இது இன்னைக்கு எரியவே இல்லையே!"

"அதனாலதான்" என்றார் டீச்சர்.