யாராக இருந்தாலும்

“அம்மை, ஒரு கட்சி தன் கொள்கைய மாத்திக்கிடலாமா?”

வந்தவர் உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டார் ஆவுடையப்பன்.

“தாராளமா,” என்றாள் அம்மை. “காலையில போட்ட சட்டையச் சாயங்காலம் மாத்துறவங்கதான நீங்க எல்லாரும்.”

சுருக்கென்றது அவருக்கு. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. ஆவுடையப்பன் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவர் தும்மினால் பத்துப் பேர் தண்ணீர் கொண்டு ஓடிவருவார்கள்.

அம்மைக்கோ அவர் மகள் வயசுதான் இருக்கும். மலையடிவாரத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன மடம் அவளுடையது. நரைத்த தலையோடு இந்த மனுஷன் அந்தப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவளைத்தான் குரு என்று வைத்துக்கொள்ள முடியும். தாடியையா வைத்துக்கொள்ள முடியும்?

“எந்தக் கொள்கை அண்ணாச்சி?”

“தூக்கு.”

அம்மை கையால் பாயைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். கட்சி தொடங்கிய காலத்தில் கொள்கை அறிக்கையில் ஒரு வரி சேர்த்தவர் இதே ஆவுடையப்பன். ‘யாராக இருந்தாலும், என்ன செய்திருந்தாலும், அரசாங்கம் ஒருவரைத் தூக்கில் போடுவதை இந்தக் கட்சி ஏற்காது.’ மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

இப்போது அவர் ஊரிலேயே, டீக்கடை நம்பிராஜனின் மகள் கோமதியை ஒருத்தன் கொன்று போட்டுவிட்டான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஊர் கொதித்துப் போய்க் கிடந்தது.

நாளைக்குக் கட்சியின் பொதுக்குழு. அவனைத் தூக்கில் போடச் சொல்லித் தீர்மானம். பழைய வரியை எழுதியவரே முன்மொழிந்தால்தான் எடுபடும் என்று தலைவர் சொல்லிவிட்டார். முன்மொழிந்தால் இந்தத் தடவை சட்டமன்றத்துக்கு ஆவுடையப்பன்தான் வேட்பாளர். மாட்டேன் என்றால் பதவியும் போகும், ஊருக்குள் தலைகாட்டவும் முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மை ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவன்தான் செஞ்சானா?”

“அவனேதான். அத்தனை சாட்சி இருக்கு. அவனே ஒத்துக்கிட்டான்.”

“அப்ப நல்லதாப் போச்சு.”

“என்னம்மை நல்லது?”

“அவன் செய்யலன்னா எந்தக் கட்சியும் தூக்கு வேண்டாம்னு சொல்லிரும். அதுக்குக் கொள்கையே வேண்டாம், கண்ணு தெரிஞ்சாப் போதும். உங்க வரிக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு.”

“எழுதுனப்போ இப்படி ஒருத்தன் வருவான்னு நான் கண்டேனா?”

“பின்ன யார நெனச்சு எழுதுனீங்க?”

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் மனசில் இருந்தவர்கள் எல்லாம் பாவப்பட்டவர்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள். ஆள் மாறி மாட்டிக்கொண்டவர்கள். அதையே சொன்னார்.

“அப்ப எதுக்கு ‘யாராக இருந்தாலும்’னு எழுதுனீங்க? ‘நல்லவனா இருந்தா’ன்னு எழுதியிருக்கலாம்லா?”

அவ்வளவுதான், மனுஷனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“உங்களுக்கு என்ன அம்மை! மலைக்குக் கீழ உக்காந்து நல்லாப் பேசலாம். கோமு பாடையத் தூக்குனவன் நான். நம்பிராஜன் கடையில நான் வாயத் திறக்குமுன்ன டீ வந்துரும். நேத்துப் போனேன். என்னப் பாத்ததும் அடுப்ப அணைச்சிட்டு உள்ள போயிட்டாரு. ‘உன் கட்சி அவனுக்கு வக்காலத்தா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூடத் தேவல. கேக்கல. அந்தப் பாவி சாகணும்னு எனக்கே இருக்கு. அந்தப் புள்ள உங்க புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

மடத்துக்குள் சத்தம் முட்டி நின்றது. குருவிடம் இப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அம்மை கோபப்படவில்லை.

“கோமு வெள்ளிக்கிழமை தவறாம இங்க வருவா அண்ணாச்சி,” என்றாள். “நான் பாட்டத் தப்பாப் பாடுனா சிரிப்பா. குருன்னு ஒரு மட்டு மரியாதை கெடையாது அவளுக்கு. அது எனக்குப் பிடிக்கும்.”

ஆவுடையப்பனுக்கு இது தெரியாது.

“அவன் என் கையில ஆப்பிட்டிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல. எனக்குக் கோவம் ஆறல. ஆறவும் வேண்டாம்.”

“பின்ன என்னம்மை? நீங்களும் நானும் ஒண்ணத்தான சொல்லுதோம்!”

“இல்ல. எனக்கு வெறி வந்தா அது என் வெறி. அதுக்காக, சம்பளம் குடுத்து ஒருத்தன நிப்பாட்டி, அதிகாலையில ஒரு உயிர எடுன்னு நான் சொல்ல மாட்டேன். கோமு பேரச் சொல்லி அத எவன் கேட்டாலும் விட மாட்டேன். ஊரே திரண்டு வந்து கேக்கட்டுமே. மாட்டேன்னா மாட்டேன்.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. எழுந்து முற்றத்துக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி அவரை நோக்கி வந்தாள்.

ஆவுடையப்பன் சட்டென்று எழுந்தார்.

கை தானாகக் குவிந்தது. தலை தானாகக் குனிந்தது. கழுத்தை வாகாக நீட்டிக் கொடுத்தார். அப்பாடா, மனசு இறங்கிவிட்டாள், ஆசீர்வாதம் பண்ணித் துண்டு போர்த்தி அனுப்பப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். உதட்டில் மேடைச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

கழுத்தில் துண்டு விழவில்லை.

குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெல்லக் கண்ணை உயர்த்திப் பார்த்தார். அம்மை அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு அண்ணாச்சி குனிஞ்சீங்க?”

“நீங்க… போத்த வந்தீங்கன்னு…”

“நான் மூஞ்சி துடைக்க எடுத்தேன்.”

ஐயோ என்றிருந்தது அவருக்கு. காது மடல் சூடேறியது. இத்தனை வருஷ மேடைப் பழக்கம். எதிரே ஒருவர் துண்டை விரித்தால் போதும். யார், எதற்கு என்று கழுத்து கேட்பதில்லை.

“நாளைக்கும் போத்துவாங்களோ?”

“பொன்னாடை, ஆளுயர மாலை எல்லாம் சொல்லியாச்சு,” என்றார் ஆவுடையப்பன். சொல்லும்போதே அவருக்கு நாக்கு கூசியது.

அம்மை துண்டை உதறி மறுபடி கொடியில் போட்டாள். அவ்வளவுதான்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தலைவர்.

“ஆவுடை, தீர்மானம் தயார்யா. உன் பேரப் போட்டாச்சு. நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்துரு.”

“வந்துருதேன் தலைவரே. ஆனா என் பேர எடுத்துருங்க. நான் எதிர்த்துப் பேசப் போறேன்.”

தலைவருக்குத் தெரிந்த வசவெல்லாம் வந்தது. சீட்டு போச்சு என்றார், பதவி போச்சு என்றார், கட்சியிலேயே இருக்க மாட்டாய் என்றார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சை மாற்றவில்லை.

“யோவ், அந்த நம்பிராஜன் மூஞ்சில எப்படிய்யா முழிப்ப?”

“இப்ப அங்கதான் போறேன். மேடையில பேசுமுன்ன அவர்கிட்ட நானே சொல்லிருதேன்.”

“கொதிக்கிற பாலத் தூக்கி உன் தலையில ஊத்துவாருய்யா!”

“புள்ளையப் பறிகுடுத்த மனுசன் தலைவரே, அவரு ஊத்தலாம்,” என்றார் ஆவுடையப்பன், செருப்பை மாட்டிக்கொண்டே. “நாம கயிறு கேக்க முடியாது.”