யார் கண்ணிலும் படாத சிலை

பூவாலங்குளம் நகராட்சிப் பூங்காவில் கொம்பையா, ஆவுடையப்பன், பேச்சிநாதன் என்று மூன்று ஒப்பந்த ஊழியர்கள் இருந்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

ஒருநாள் காலையில் லாரியில் ஒரு வெண்கலச் சிலை வந்து இறங்கியது. ஆள் உயரம், ஈர்க்குச்சி உடம்பு, முகத்தில் மூக்கைத் தவிர வேறொன்றும் கிடையாது. நவீன சிற்பமாம்.

மேற்பார்வையாளர் ஞானசெல்வி மேடம் கறாராகச் சொன்னார்: "பத்து மணிக்குத் திறப்பு விழா. பீடத்துல ஏத்தித் துணியைப் போர்த்திருங்க. அதுவரைக்கும் சிலை யார் கண்ணுலயும் படக்கூடாது. பட்டுதோ, மூணு பேருக்கும் வேலை போயிரும்."

மேடம் போனதும் மூவரும் கூடி யோசித்தார்கள்.

"யார் கண்ணுலயும்னா, நம்ம கண்ணும் சேர்த்திதானவே?" என்றார் கொம்பையா.

"ஏற்கெனவே பாத்துட்டமே!" என்று பதறினார் பேச்சிநாதன்.

"மேடம் சொல்றதுக்கு முந்திப் பாத்தது செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னார் ஆவுடையப்பன்.

ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள். மேலேயிருந்து பிடித்து இழுப்பதற்காகப் பேச்சிநாதன் பீடத்தில் ஏறிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் சிலையைத் தூக்கிக்கொண்டு பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றி, வேப்பமரத்தில் மோதி, மரத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஒருவழியாகப் பீடத்தருகே வந்து சிலையைக் கீழே நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். ஆவுடையப்பன் பீடத்தைத் தடவினார். இரண்டு கால்கள் தட்டுப்பட்டன.

"ஏத்தியாச்சு போலிருக்கே!"

"எப்பம் ஏத்தினோம்?" என்றார் கொம்பையா.

"கண்ணைக் கட்டியிருக்கோம்லா, நமக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமாகப் பட்டது. பட்டுத்துணியைப் போர்த்திக் கட்டினார்கள். துணிக்குள்ளே நின்ற பேச்சிநாதன், காற்று நின்றுவிட்டது என்று மட்டும் நினைத்தார்.

பத்து மணிக்கு நகராட்சித் தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. கீழே நின்ற வெண்கல ஆளுக்கு, விழாவுக்கு வந்தவர் என்று எண்ணி யாரோ மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

"என்ன உயிரோட்டம்! பனியன்ல ஓட்டைகூட அப்படியே இருக்கு" என்று பீடத்தைப் பார்த்து வியந்தார் தலைவர்.

"இன்னுமா தூக்குதிய?" என்று கேட்டது பீடத்திலிருந்த சிலை.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "இறங்குய்யா கீழ!"

பேச்சிநாதன் துண்டை அவிழ்த்தார். குனிந்து, பீடத்துக் கல்வெட்டைத் தலைகீழாக எழுத்துக் கூட்டி வாசித்தார். 'இவ்விடத்தில் நிரந்தரமாக அமைக்கப்பட்டது' என்றிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருசமா ஒப்பந்தத்துல கிடந்தேன். தலைவர் கையாலயே நிரந்தரம் பண்ணிட்டிய. இனி இறங்க மாட்டேன் மேடம்."

கேட்டதும் மற்ற இருவரும் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பீடத்தில் ஏறி, அவருக்கு இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றுகொண்டார்கள்.

"அப்ப செடிக்கு யாருய்யா தண்ணி ஊத்துறது?" என்று கத்தினார் மேடம்.

மூவரும் மேலேயே நின்று ஆலோசித்தார்கள். பிறகு கொம்பையா மட்டும் இறங்கி, வெண்கலச் சிலையின் கையில் தண்ணீர்க் குழாயைச் செருகிவிட்டு மறுபடியும் ஏறினார்.

"புது ஆளு மேடம். பழகற வரைக்கும் கொஞ்சம் மெதுவாத்தான் ஊத்துவான்."